பரஸ்பர சம்மத விவாகரத்து: இந்த ஒப்பந்த வரைவில் ஓட்டை எங்கே?

மேட்டுத்தெரு_அண்ணன் (கேள்வி)

தங்கைக்காகக் கேட்கிறேன். இரு தரப்பும் பேசி முடித்தாகிவிட்டது. இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 13பி-யில் கூட்டு மனு, தமிழ்நாட்டில் குடும்ப நல நீதிமன்றத்தில் போடப் போகிறோம். பிரிந்து 20 மாதம். ஒரே பெண் குழந்தை, 7 வயது, தங்கையிடம் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தனியார் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 92 ஆயிரம். தங்கை வேலைக்குப் போகவில்லை. இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட், வீட்டுக்கடன் 14 லட்சம் பாக்கி. நிலுவையில் இருப்பவை இரண்டு: மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறை மனு, மகளிர் காவல் நிலையத்தில் 2024 மார்ச்சில் பதிவான 498ஏ (கணவரோ அவர் வீட்டாரோ மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றம்) எஃப்ஐஆர்.

வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்து கொடுத்த வரைவின் முக்கியப் பத்திகள்:

1. குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும். இருவருக்கும் வசதிப்பட்ட நேரத்தில் தந்தை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

2. நிரந்தர ஜீவனாம்சமாக ரூ.18 லட்சம் கொடுக்கப்படும். அதன்பின் மனைவி தனக்கோ குழந்தைக்கோ எந்த ஜீவனாம்சமும் கோரமாட்டார்.

3. இருவர் பெயரில் உள்ள ஃபிளாட் மனைவிக்குச் சேரும். மீதிக் கடனைக் கணவர் கட்டுவார்.

4. இருவரும் ஒருவர் மீது ஒருவர் தொடுத்த எல்லா வழக்குகளையும் வாபஸ் பெறுவார்கள்.

5. நகைகளும் சீர் சாமான்களும் திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டன.

இது போதுமா? 6 மாதம் கட்டாயம் காத்திருக்க வேண்டுமா? இப்போதே 18 லட்சத்தையும் வாங்கிவிடலாமா?

---

கோர்ட்ஹால்_மூணு

ஐந்து பத்தியிலும் ஓட்டை இருக்கிறது. முதல் பத்திதான் பெரியது. பணத்தை எல்லோரும் நாலு தடவை எண்ணிப் பார்ப்பார்கள். குழந்தை பத்தியை மட்டும் பழைய ஃபைலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள். டிகிரி (விவாகரத்துத் தீர்ப்பாணை) வந்த பிறகு அடுத்த 11 வருடம் தினசரி வாழ்க்கையை ஓட்டப் போவது அந்தப் பத்திதான்.

“இருவருக்கும் வசதிப்பட்ட நேரத்தில்” என்பதை வெட்டுங்கள். ஒருவருக்கு வசதி இல்லை என்றால் சந்திப்பே இல்லை என்று அதற்கு அர்த்தம் வரும். தந்தை நிறைவேற்று மனு போட்டாலும் எதை நிறைவேற்றச் சொல்வது? நாள் இல்லை, மணி இல்லை, இடம் இல்லை. தாய்க்கும் இது ஆபத்துதான். ஞாயிறு இரவு 10 மணிக்கு வந்து கதவைத் தட்டினால் அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று சொல்ல அவரிடம் ஒரு வரியும் இருக்காது.

அந்த இடத்தில் இப்படி எழுதலாம், நேரத்தை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை, தாயின் குடியிருப்பு வளாக வாயிலில் குழந்தையை அழைத்துக்கொண்டு, மறுநாள் ஞாயிறு மாலை 6 மணிக்கு அதே இடத்தில் திரும்ப ஒப்படைப்பார். தாமதம் 30 நிமிடத்தைத் தாண்டும் என்றால் முன்கூட்டிக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குழந்தைக்கு உடல்நலமில்லை என்றால் மருத்துவரின் சீட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். தவறிய சந்திப்பு அடுத்து வரும் வார இறுதியில் ஈடு செய்யப்படும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சந்திப்புத் தகராறுகளில் பாதி “குழந்தைக்குக் காய்ச்சல்” என்ற செய்தியில்தான் ஆரம்பிக்கும். சீட்டும் ஈடும் எழுதியிருந்தால், பொய்க் காய்ச்சலால் தாய்க்கு லாபம் இல்லை, நிஜக் காய்ச்சலால் தந்தைக்கு நஷ்டம் இல்லை.

இரவு தங்கல் இதுவரை நடந்ததே இல்லை என்றால் எடுத்த எடுப்பில் வேண்டாம். முதல் 3 மாதம் பகலில் மட்டும், பிறகு மாதம் ஒரு இரவு, 6 மாதத்துக்குப் பின் இரண்டு. இந்தப் படிக்கட்டையும் தேதி போட்டே எழுதுங்கள். “குழந்தை பழகிய பிறகு” என்று எழுதினால், பழகிவிட்டதா என்று தீர்மானிப்பது யார் என்று அடுத்த வழக்கு வரும்.

விடுமுறைகளைத் தனியாக எழுத வேண்டும். காலாண்டு, அரையாண்டு விடுமுறை பாதிப் பாதி. மே விடுமுறையில் தந்தைக்குத் தொடர்ந்து 15 நாள் என்றால் எந்த 15 என்பதை ஏப்ரல் 10-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். தீபாவளியும் பொங்கலும் ஆண்டு மாற்றி ஆண்டு. ஒற்றைப்படை ஆண்டில் தீபாவளி தாயிடம், பொங்கல் தந்தையிடம், இரட்டைப்படையில் நேர்மாறு. பிறந்தநாளன்று குழந்தை யாரிடம் இருந்தாலும் மற்றவருக்கு 2 மணி நேரம். விடுமுறை அட்டவணையும் வார இறுதி அட்டவணையும் மோதினால் விடுமுறை அட்டவணையே செல்லும் என்று ஒரு வரி போடுங்கள். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் மே மாதம் முழுக்கச் சண்டைதான்.

வீடியோ கால்: வாரம் மூன்று நாள், இரவு 7.30 முதல் 7.50. “அடிக்கடி பேசலாம்” என்று எழுத வேண்டாம்.

பள்ளி: பதிவேட்டில் இருவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். தேர்வு அறிக்கை இருவருக்கும் போக வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் வரலாம். வாசலில் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியலை இருவரும் கையெழுத்திட்டுப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். விவாகரத்து டிகிரியின் நகலைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அந்தப் பட்டியலே போதும்.

வீடு மாறுதல்: வேறு ஊருக்குக் குழந்தையோடு குடிபோவதானால் 60 நாள் முன்னறிவிப்பு. பாஸ்போர்ட்: சிறாருக்கு 5 வருடம்தான் செல்லுபடி. 7 வயதில் எடுத்தால் 12-ல் மறுபடி கையெழுத்து வேண்டும். பெற்றோர் இருவரும் சம்மதித்தால் இணைப்பு டி படிவம், ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் இணைப்பு சி. “கேட்ட 7 நாளுக்குள் இணைப்பு டி-யில் கையெழுத்திட்டுத் தருவார்” என்று இப்போதே எழுதிக்கொண்டால் பிறகு கோர்ட் படி ஏற வேண்டாம். கூடவே, எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் வெளிநாடு கூட்டிப் போகக்கூடாது என்பதும் இருக்கட்டும். குழந்தைக் கடத்தல் குறித்த 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. குழந்தை ஒரு நாட்டைத் தாண்டிவிட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு, இரு திசையிலும்.

---

தாளடி_குறிப்பு

மேலே சொன்னவர் விட்ட ஒன்று. “பொறுப்பில்” என்ற சொல். குழந்தை யாருடன் வசிக்கிறது என்பது ஒன்று, காப்பாளர் யார் என்பது இன்னொன்று. 1956-ம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 6-ன்படி தந்தை இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் “பின்” என்பதற்கு “இறந்த பின்” என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தந்தை பொறுப்பெடுக்காத நிலையிலும் தாய் காப்பாளரே என்று சொன்னது. ஆகவே வரைவில் மூன்று வாக்கியம் தனித்தனியாக வர வேண்டும்: வசிப்பிடம் தாயிடம், காப்பாளர் இருவரும், பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை மாதிரியான பெரிய முடிவுகளில் மற்றவரைக் கலந்துகொள்ள வேண்டும், அவசர சிகிச்சைக்கு மட்டும் உடனிருப்பவரின் கையெழுத்து போதும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்பதும் அதே பிரிவு 6-ல் இருப்பதுதான். 7 வயதுக் குழந்தைக்கு அதை யாரும் துணைக்கு இழுக்க முடியாது. அங்கே நிற்பது பிரிவு 13, குழந்தையின் நலன் மட்டும்.

இன்னொன்று. குழந்தை குறித்த ஏற்பாடு எதுவும் கல்வெட்டு இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சூழ்நிலை மாறினால் இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 26-ல் மனு போட்டு டிகிரிக்குப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் “இந்த ஏற்பாட்டை எக்காலத்திலும் மாற்றக் கோரமாட்டோம்” என்று எவராவது சேர்க்கச் சொன்னால் சேர்ப்பது வீண் மை.

---

வரவுசெலவு

இரண்டாம் பத்தி. இதுதான் எனக்கு அதிகக் கோபம் வரும் இடம்.

குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. அது அவர் சொத்து இல்லை, குழந்தையுடையது. “கோரமாட்டார்” என்று கையெழுத்துப் போட்டாலும் குழந்தையைக் கட்டுப்படுத்தாது. நாளை குழந்தை பெயரில் மனு வரும். அதாவது இந்த வரியை நம்பி 18 லட்சம் கொடுக்கும் மாப்பிள்ளைக்கும் பாதுகாப்பு இல்லை. தாய்க்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று எனத் தொகையைப் பிரித்து எழுதுவதுதான் இருவருக்கும் நல்லது.

தொகையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 லட்சத்தை 7% வட்டிக்குப் போட்டால் மாதம் 10,500. அதில் இரண்டு பேர் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மருந்து. நிகர சம்பளத்தில் 25% நியாயமான அளவு என்று கல்யாண் டே சௌத்ரி வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அது விதி இல்லை, ஓர் அளவுகோல். 92 ஆயிரத்தில் 25% என்றால் 23 ஆயிரம், அதுவும் அந்த வழக்கில் மனைவிக்காகச் சொன்னது. ஃபிளாட்டும் சேர்ந்து வருவதால் 18 லட்சம் குறைவு என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் குழந்தைக்கு அதில் எவ்வளவு என்று கேட்டால் வரைவில் பதில் இல்லை.

குழந்தைப் பத்தியை இப்படிப் பிரியுங்கள். மாதம் 15,000 என்றால் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள், குழந்தைக்காகத் திறந்த கணக்குக்கு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 10% உயர்வு. அப்படிப் போனால் 6 வருடம் கழித்து 19,965 ஆகும். உயர்வு எழுதாவிட்டால் பிளஸ் டூ படிக்கும்போதும் அதே 15,000 வரும், உயர்த்தக் கேட்டுத் தனி மனு போட வேண்டும். பள்ளிக் கட்டணம் இதற்கு வெளியே, ரசீதின்படி தந்தை நேரடியாகப் பள்ளிக்கே கட்டுவது நல்லது. தாய் கையில் போனால் “கட்டினாரா” என்று சந்தேகம், தந்தை கையில் இருந்தால் “கட்டுவாரா” என்று சந்தேகம். பள்ளி ரசீது இரண்டையும் தீர்க்கும். மருத்துவக் காப்பீட்டில் குழந்தை பெயர் தந்தையின் அலுவலகப் பாலிசியில் தொடர வேண்டும். வேலை மாறினால் 30 நாளுக்குள் மாற்றுப் பாலிசி.

எந்த வயது வரை? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, இப்போது 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 144. அதன்படி சாதாரணமாக 18 வரை. ஆனால் இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பிரிவு 20-ல், தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத திருமணமாகாத மகளுக்கு 18-க்குப் பிறகும் உரிமை உண்டு. ஆக “முதல் பட்டப்படிப்பு முடியும் வரை” என்று எழுதிவிடுங்கள். 18-ல் நிறுத்தினால் கல்லூரிக் கட்டணம் ஆரம்பிக்கும் மாதத்தில் பணம் நிற்கும்.

குழந்தை பெயரில் வைப்புத்தொகை போடுவதாக இருந்தால் ஒரு வரி: “நீதிமன்ற அனுமதியின்றி முதிர்வுக்கு முன் உடைக்கக் கூடாது.” இல்லையென்றால் காப்பாளர் கையெழுத்தில் எந்த நாளும் உடைக்கலாம்.

---

மேட்டுத்தெரு_அண்ணன்

நன்றி. 18 லட்சத்தை எப்போது வாங்குவது என்பதற்கும் 6 மாதத்துக்கும் யாராவது சொல்லுங்கள். இடையில் ஒரு தரப்பு மனம் மாறினால்? மாப்பிள்ளை வீட்டிலும் இதே பயம்தான், பணம் கைமாறிய பிறகு தங்கை சம்மதத்தை வாபஸ் வாங்கினால் என்ன ஆகும் என்று.

---

இரண்டாவது_மோஷன்

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சுரேஷ்டா தேவி வழக்கு, 1991: கூட்டு மனு போட்டதோடு சம்மதம் பூட்டப்படுவதில்லை, டிகிரி வரும் நிமிடம் வரை இருவரின் சம்மதமும் உயிரோடு இருக்க வேண்டும். எந்த நீதிபதியும் ஒருவரைப் பிடித்துச் சம்மதிக்க வைக்க முடியாது. ஆகவே பாதுகாப்பைப் பணத்தைக் கொடுக்கும் முறையில்தான் கட்ட வேண்டும்.

முதல் மோஷன் (கூட்டு மனுவின் முதல் விசாரணை) அன்று ஒரு பங்கு, இரண்டாவது மோஷன் (டிகிரி கேட்கும் விசாரணை) அன்று பெரும்பங்கு. உதாரணமாக 5 லட்சம், பிறகு 13 லட்சம். முதல் பங்கு வாங்கியவர் பின்வாங்கினால் 30 நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும், கொடுப்பவர் பின்வாங்கினால் அந்தத் தொகை பிற்கால ஜீவனாம்சத்தில் ஈடு செய்யப்படும் என்றும் எழுதுங்கள். பெரும்பங்கு டிமாண்ட் டிராப்ட்டாக, நீதிபதி முன்னிலையில் வாங்கி, நகலில் கையெழுத்திட்டு, டிகிரியிலேயே டிராப்ட் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். டிராப்ட் 3 மாதம்தான் செல்லும். முதல் மோஷன் அன்றே இரண்டாவது டிராப்ட்டையும் எடுத்து வைக்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள், 6 மாதம் கழித்துக் கையில் காகிதம்தான் இருக்கும். முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பதும் வேண்டாம், கொடுப்பதும் வேண்டாம்.

6 மாதம்: 13பி(2)-ல் மனு தாக்கலாகி 6 மாதத்துக்குப் பின், 18 மாதத்துக்குள் இரண்டாவது மோஷன். அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கௌர், 2017: இந்த 6 மாதம் கட்டாயம் இல்லை, நீதிமன்றம் தளர்த்தலாம். ஆனால் அதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். முதல் மோஷனுக்கு முன்பே ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை உட்பட எல்லாம் நிஜமாகவே தீர்ந்திருக்க வேண்டும். காத்திருப்பு இருவரின் வேதனையை நீட்டிக்க மட்டுமே செய்யும் என்ற நிலை இருக்க வேண்டும். தளர்த்தக் கோரும் மனுவை முதல் மோஷனுக்கு ஒரு வாரம் கழித்துக் காரணங்களோடு போடலாம். 20 மாதம் என்பதால் வாசல் திறந்திருக்கிறது. “எல்லாம் தீர்ந்துவிட்டது” என்பதில்தான் உங்கள் வரைவு மாட்டும். வசதிப்பட்ட நேரம், கட்டுவார், வாபஸ் பெறுவார்கள் என்று எதிர்காலத்திலேயே எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்னும் தீரவில்லை என்றே படிப்பவருக்குத் தோன்றும்.

பிரிந்த தேதியை மனுவில் எழுதும்போது ஒரு கவனம். குடும்ப வன்முறை மனுவிலும் எஃப்ஐஆரிலும் எந்தத் தேதி எழுதியிருக்கிறதோ அதுவும் கூட்டு மனுவில் உள்ளதும் ஒத்துப் போக வேண்டும். அங்கே ஒரு தேதி, இங்கே ஒரு தேதி என்றால் தளர்த்தும் மனு அங்கேயே நிற்கும்.

---

பத்திரப்பதிவு_பக்கம்

மூன்றாம் பத்திக்கு வருகிறேன். “ஃபிளாட் மனைவிக்குச் சேரும்” என்ற வரியால் ஃபிளாட் சேராது. வில்லங்கச் சான்றில் இருவர் பெயரும்தான் வரும்.

வங்கி இந்த ஒப்பந்தத்தில் கட்சிக்காரர் இல்லை. கணவர் கட்டுவார் என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. இருவரும் கூட்டுக் கடன்தாரர்கள், தவணை தவறினால் இருவரின் சிபில் மதிப்பெண்ணும் விழும், வீடு ஏலத்துக்குப் போனால் போவது தங்கையின் வீடு. மூலப் பத்திரமும் வங்கிப் பெட்டியில். ஆகவே “கட்டுவார்” என்பதற்குப் பதில் தேதி: இரண்டாவது மோஷனுக்கு முன் கடனை முடித்து, பாக்கி இல்லாச் சான்றும் மூலப் பத்திரங்களும் அடமான ரத்துப் பதிவும் கையில் வர வேண்டும். 14 லட்சம் ஒரேயடியாக முடியாது என்றால் 18 லட்சத்தின் ஒரு பகுதியை நேரடியாகக் கடன் கணக்கில் கட்டச் சொல்லித் தொகைகளைத் திருத்திக்கொள்வதே மேல்.

அடுத்து மாற்றும் ஆவணம். அவருடைய பிரிபடாத பாதிப் பங்கைத் தங்கைக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுத வேண்டும். இதை டிகிரிக்கு முன் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000 (2023 ஜூலையில் உயர்த்திய தொகை). மனைவி குடும்ப உறுப்பினர். டிகிரி ஆன மறுநாள் முன்னாள் மனைவி, சலுகை போச்சு, முழு விகிதம். ஒரு வாரம் தள்ளிப் போட்டதற்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டிவரும்.

“டிகிரியையே பதிவு செய்துகொள்ளலாமே, பதிவுச் சட்டம் பிரிவு 17(2)(6)-ல் சமரச டிகிரிக்குப் பதிவு தேவையில்லையே” என்று சொல்வார்கள். வழக்குக்கு உட்பட்ட சொத்துக்குத்தான் அந்த விலக்கு. விவாகரத்து மனுவின் வழக்குப் பொருள் திருமணம். ஃபிளாட்டை மனுவின் சொத்து விவரப் பட்டியலில் சேர்க்காமல் ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரி எழுதினால் அந்த விலக்கை நம்பக் கூடாது.

கணவர் தரப்புக்கு நியாயமான பயம் ஒன்று உண்டு: செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு டிகிரி கிடைக்காமல் போனால்? அதனால் பத்திரப் பதிவை இரண்டாவது மோஷனுக்கு முந்தைய நாள் அல்லது அன்றைய காலையில் வைத்துக்கொள்ளலாம். பதிவு அலுவலக டோக்கன் நேரத்தையும் கோர்ட் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே காலையில் என்றால் ஒன்று தவறும்.

---

குற்றப்பிரிவு_குமாஸ்தா

நான்காம் பத்தி சுருக்கமாக. எஃப்ஐஆரைத் தங்கை “வாபஸ்” வாங்க முடியாது. தமிழ்நாட்டில் 498ஏ சமரசத்துக்கு உட்படாத குற்றம். உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டால்தான் முடியும், பிஎன்எஸ்எஸ் பிரிவு 528, பழைய 482. குடும்பத் தகராறு சமரசமாகிவிட்டால் ரத்து செய்யலாம் என்பதற்கு பி.எஸ். ஜோஷி (2003), கியான் சிங் (2012) என்று நிலைத்த தீர்ப்புகள் இருக்கின்றன. எஃப்ஐஆர் 2024 மார்ச் என்பதால் குற்றப் பிரிவு 498ஏ-வாகவே இருக்கும், பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 85 ஆகாது. ரத்து மனு இப்போது போடுவதால் அது மட்டும் 528. இரண்டையும் குழப்பி “பிஎன்எஸ் 85 எஃப்ஐஆர்” என்று ஒப்பந்தத்தில் எழுதினால் உயர் நீதிமன்றத்தில் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

எழுத வேண்டியது: காவல் நிலையப் பெயர், குற்ற எண், ஆண்டு, யார் யார் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்). ரத்து மனுவைக் கணவர் தன் செலவில் போடுவார். தங்கை ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, நீதிமன்றம் அழைத்தால் நேரிலோ காணொளியிலோ ஆஜராவார். டிகிரி தேதியிலிருந்து 30 நாளுக்குள். மாமியார், நாத்தனார் பெயரும் எஃப்ஐஆரில் இருந்தால் அவர்களையும் மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். கணவருக்கு மட்டும் ரத்தாகி, நாத்தனார் மேல் வழக்கு நின்றுபோவது நடக்கிற விஷயம்.

குடும்ப வன்முறை மனு வேறு. அதை மாஜிஸ்திரேட் முன் மனுதாரரே வாபஸ் பெற்று முடித்துக்கொள்ளலாம், இரண்டாவது மோஷனுக்குப் பின் வரும் முதல் வாய்தாவில். முன்பே வாபஸ் வாங்கிவிட்டால் அதில் இருக்கும் இடைக்கால உத்தரவுகளும் போய்விடும், அதுவரை கையில் எதுவும் இருக்காது.

“எதிர்காலத்தில் எந்தக் குற்றப் புகாரும் கொடுக்கமாட்டோம்” என்று சேர்க்கச் சொன்னால், இதுவரை நடந்த சம்பவங்கள் குறித்து என்று வரையறுங்கள்.

---

தாளடி_குறிப்பு

ஐந்தாம் பத்தி விட்டுப்போனது. பட்டியல் இல்லாத “நகைகள் திரும்பக் கொடுக்கப்பட்டன” தங்கைக்கு எதிரான ரசீது. சீதனம் மனைவியின் தனிச் சொத்து, பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே தீர்ந்த விஷயம். ஒவ்வொரு உருப்படியும் தனி வரியில்: “மாங்காய் மாலை 1, 40 கிராம்” என்று கிராம் கணக்கில். பவுன் கணக்கில் எழுதினால் கல் நீக்கியா, கல்லோடா என்று பேச்சு வரும். ஒப்படைத்த தேதி, இடம், எடை பார்த்த இடம், இருவர் கையெழுத்து. இன்னும் கைக்கு வராத உருப்படி இருந்தால் “வரவில்லை” என்றே எழுதுங்கள், நாகரிகத்துக்காக எல்லாம் வந்துவிட்டதாக எழுத வேண்டாம்.

தங்கைக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12-ல் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். இந்த வரைவைத் தங்கைக்கென்று தனியாக ஒரு வக்கீல் பார்க்கட்டும். இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் எழுதியதாக இருந்தால், ஐந்து பத்தியும் இவ்வளவு மொட்டையாக இருப்பதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

---

இரண்டாவது_மோஷன்

அண்ணனுக்கு ஒரு கடைசி விஷயம். டிராப்ட்டில் பெயர் தங்கையின் வங்கிப் பாஸ்புக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரை இனிஷியலாக வைத்திருப்பார், கணக்கு அப்பா இனிஷியலில் இருக்கும், கோர்ட் மனு இன்னொரு மாதிரி இருக்கும். இப்போதே பாஸ்புக், ஆதார், திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மனுவின் முதல் பத்தியிலேயே “என்கிற” போட்டு இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். திருத்திய வரைவை இங்கே போட்டால் பார்க்கலாம், பெயர்களை மறைத்துப் போடவும்.